முளைப்பாரி ஒரு சாண் தாண்டாமல் அழுகுவது ஏன்?

கேள்வி இதுதான். மதுரை நகருக்குள் ஒரு தெரு. சின்ன வயதில் பார்த்த முளைப்பாரி ஊர்வலத்தை, அதாவது அம்மன் திருவிழாவுக்காக வளர்த்த தானிய முளையைத் தலையில் சுமந்துபோய்த் தண்ணீரில் கரைக்கிற ஊர்வலத்தை, அங்கே மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். போன வருடம் போட்டதில் பாதி அழுகிவிட்டது. மீதி பச்சையாக, குட்டையாக, ஒரு சாண்கூட வராமல் நின்றுவிட்டது. "அந்தக் காலத்தில் இடுப்பு உயரம் வளர்ந்ததே, அது எப்படி?" என்பது கேள்வி. காப்புக் கட்டுவதிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை என்னென்ன வழக்கம் என்பதையும் கேட்டிருக்கிறீர்கள்.

இடுப்பு உயரம் என்று நினைவில் இருப்பது பார்த்த பிள்ளையின் இடுப்பாக இருந்திருக்கும். எட்டு நாள் முளை ஒரு அடியிலிருந்து ஒன்றேகால் அடி வந்தாலே நல்ல பாரி. அந்த உயரத்துக்கு உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். இருட்டு, கதகதப்பு, அடியில் தண்ணீர் தேங்காமல் வடிதல், இந்த மூன்றும் போதும். நீங்கள் சொல்கிற அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அழுகியவற்றில் தண்ணீர் வடியவில்லை, குட்டையாக நின்றவற்றுக்கு வெளிச்சம் பட்டிருக்கிறது. ஊர்வலத்தன்று தெரிகிற எல்லாக் குறையும் முதல் மூன்று நாளில் அந்த அறைக்குள் நடந்ததுதான்.

முதலில் நாள் கணக்கு. மாரியம்மன், காளியம்மன், பத்திரகாளி கோயில் பொங்கலோடு சேர்த்து முளைப்பாரி போடுவதுதான் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்து வழக்கம். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி, புரட்டாசி என்று ஊருக்கு ஊர் மாதம் மாறும். பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை சாமி சாட்டி, அதாவது திருவிழாவை ஊருக்கு அறிவித்து, காப்புக் கட்டுவார்கள்; அன்று சாயங்காலமே முத்துப் போட்டுவிடுவார்கள். முத்து என்றால் இங்கே விதைத் தானியம். மறு செவ்வாய் பொங்கல், புதன் சாயங்காலம் பாரி எடுத்துக் கரைப்பது, வியாழன் மஞ்சள் நீராட்டு. முத்துப் போட்டதிலிருந்து கரைக்கும் நாள் வரை எட்டு ராத்திரி கிடைக்கிறது. சித்திரை, வைகாசிச் சூட்டில் எட்டு ராத்திரி தாராளம். மாசியில் ராத்திரிக் குளிர் இருப்பதால் ஒன்றிரண்டு நாள் கூடுதலாக வேண்டும். அந்த மாதத்தில் திருவிழா வைத்திருக்கிற ஊர்களில் பத்து நாளுக்கு முன்பே போட்டுவிடுவார்கள். மீனாட்சியம்மன் கோயிலில் ஆடி மாதம் நடக்கிற முளைக்கொட்டு உற்சவமும் 10 நாள்தான். அம்மன் மட்டும் கோயிலுக்குள் இருக்கிற ஆடி வீதிகளில் வலம் வருகிற திருவிழா அது.

அடுத்தது ஓடு, அதாவது முளை வளர்க்கிற பானை. பழைய முறையில் வாயகன்ற மண்பானையின் அடியைத் தட்டி எடுத்துவிடுவார்கள். அந்த ஓட்டையில் குறுக்கும் நெடுக்குமாகக் குச்சி வைத்து, மேலே இரண்டு அங்குலம் வைக்கோல் பரப்புவார்கள். தண்ணீர் எவ்வளவு தெளித்தாலும் தங்காது, வேருக்குக் காற்றும் போகும். இன்று பெரும்பாலான தெருக்களில் பிளாஸ்டிக் பேசினோ அலுமினியத் தாம்பாளமோதான் தலையில் போகிறது. பேசின் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, உடையாது, கனமும் குறைவு. ஆனால் அடியில் விரல் நுழைகிற அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டாக வேண்டும். அழகு கெட்டுவிடும் என்று ஓட்டை போடாமல் விடுவதுதான் அழுகலுக்கு முதல் காரணம். பேசினைத் தரையில் அப்படியே வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தரையில் ஒட்டி உட்கார்ந்தால் ஓட்டை இருந்தும் பயன் இல்லை. மண் ஓடுதான் வேண்டும் என்றால் விளாச்சேரியிலோ மானாமதுரையிலோ மண்பாண்டம் செய்கிற வேளார்களிடம் முன்கூட்டியே சொல்லிச் செய்து வாங்கலாம். ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுவது நல்லது, மழை வந்தால் சூளை போடுவது தள்ளிப்போகும்.

ஓட்டுக்குள் போடுவது மண் இல்லை. பலரும் இதில்தான் தவறுகிறார்கள். ஒரு அடி அகல ஓட்டில் நாலு அங்குலம் செம்மண் போட்டு நனைத்தால் பத்துக் கிலோவுக்கு மேல் போய்விடும். ஒரு மணி நேரம் தலையில் வைத்து நடக்க முடியாது, மண்ணும் இறுகி முளையை அமுக்கும். நன்றாகக் காய்ந்து பொடிந்த மாட்டுச் சாண எருவும் ஆட்டுப் புழுக்கைத் தூளும் கலந்து, சல்லடையில் சலித்து, வைக்கோலுக்கு மேல் மூன்று அங்குலம் போட வேண்டும். நனைந்த பிறகும் ஓட்டோடு சேர்த்து ஆறேழு கிலோவுக்குள் நிற்கும். எரு குறைந்தது ஒரு மாதம் காய்ந்ததாக இருக்கட்டும். ஈரச் சாணம் போட்டால் உள்ளே கொதிக்கும். கையை உள்ளே விட்டால் சூடு தெரியும். அந்தச் சூட்டில் விதை வெந்து நாறிவிடும். நகரத்தில் எரு கிடைக்காதவர்கள் தென்னை நார்க்கழிவு போடுகிறார்கள். போடலாம், ஆனால் அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் தெளிக்கிற தண்ணீரைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

தானியத்துக்கு வருவோம். நவதானியம் என்று கடையில் பொட்டலமாகக் கட்டித் தருவது பூஜைக்குத்தான் சரி. அதில் கொண்டைக்கடலையும் கோதுமையும் இருக்கும். இரண்டும் பாரிக்குப் பெரிய உதவி செய்யாது. கொண்டைக்கடலை பருப்பை மண்ணுக்குள்ளேயே வைத்துக்கொண்டு முளைக்கிற சாதி, ஈரம் கூடினால் முதலில் அழுகுவது அதுதான். துவரையும் அதே மாதிரி பருப்பை உள்ளே விட்டுவிட்டு மெதுவாக வரும். உயரம் தருவது தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு, கானம் என்கிற கொள்ளு. இவை பருப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு மேலே வரும். கேழ்வரகும் எள்ளும் சாங்கியத்துக்கு ஒரு சிட்டிகை போதும்.

ஒரு அடி அகல ஓட்டுக்கு மொத்தம் ஒரு உழக்கு, அதாவது கால் கிலோவுக்குச் சற்று மேல். பிரித்துச் சொன்னால் தட்டைப்பயறு 100 கிராம், பாசிப்பயறு 75, மொச்சை 50, சோளம் 25, கம்பும் கானமும் பத்துப் பத்துக் கிராம். இதைவிடக் குறைத்தால் முளைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்காமல் சாய்ந்துவிடும். கூட்டினால் விதை மேல் விதை ஏறி நடுவில் குமிந்து, அடியில் இருப்பவை மூச்சு முட்டி அழுகும். "அடர்த்தியாக வரட்டும்" என்று அரைக் கிலோ கொட்டுகிறவர்கள் நிறையப் பேர். நாலாம் நாள் அந்த ஓட்டில்தான் முதலில் வாடை வரும்.

கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளில் வாங்குகிறீர்கள் என்றால் முழுப்பயறா, இந்த வருடத்துச் சரக்கா, வண்டு ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் ஒவ்வொன்றிலும் நூறு விதை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். மூன்றாம் நாள் 85க்குக் குறைவாக முளைத்திருந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். வயலுக்கு விற்கிற சாயம் பூசிய விதையும் வேண்டாம். அதில் மருந்து இருக்கும், பாரியைப் பிள்ளைகள் கையால் தொடுவார்கள். ஆடியில் விதைக்கும் முன்னால் வீட்டு விதையைச் சோதிக்கத்தான் முளைப்பாரி என்று பலரும் சொல்வதுண்டு. வழக்கம் அதற்காக வந்ததோ இல்லையோ, அந்தச் சோதனையைப் பாரி போடுவதற்கு முன்பே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

காலையில் ஊறவைத்து சாயங்காலம் போடுவதுதான் கணக்கு. பயறு வகை ஆறிலிருந்து எட்டு மணி நேரம், சோளமும் கம்பும் முந்தின ராத்திரியே. கோடையில் பயறு எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் தண்ணீர் நுரைத்துப் புளிக்கும். இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஊறாமல் கல் மாதிரி அடியில் கிடக்கிற பாசிப்பயறைப் பொறுக்கிவிடலாம், அது எட்டு நாளில் முளைக்கப் போவதில்லை. முளைகட்டிய பயறைப் போட்டால் ஒரு நாள் மிச்சம்தான், ஆனால் அரை அங்குலத்துக்கு மேல் வால் விட்டதைப் பரப்பும்போது வேர் ஒடிந்துவிடும். வெள்ளைப் புள்ளி தெரிகிற பருவம் சரி.

பரப்பும்போது நடுவில் மொச்சையும் தட்டைப்பயறும், அதைச் சுற்றிப் பாசிப்பயறு, ஓரத்தில் சோளமும் கம்பும். எட்டாம் நாள் கூம்பு வடிவில் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்து அழகாக வரும். எல்லாவற்றையும் கலந்து கொட்டினால் நெட்டையும் குட்டையுமாக நிற்கும். மேலே அரை அங்குலம் எருத்தூள் தூவி, கையால் லேசாக அமுக்கி, மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தெளித்து, வைக்கோலால் மூடிவிடுங்கள். மூன்றாம் நாள் முளை எருவைத் தட்டாகத் தூக்கும்போது வைக்கோலை எடுத்துவிட வேண்டும். தூக்கிய எருத்தட்டைக் கையால் பிய்க்கக் கூடாது, தலையும் கூடவே வந்துவிடும். தண்ணீரைச் சொட்டாகத் தெளித்தால் தானாக உதிர்ந்து கீழே இறங்கும்.

அறைதான் முக்கியம். சன்னலுக்குச் சாக்கு, கதவு இடுக்குக்குத் துணி. இருட்டில் இருக்கும் முளை வெளிச்சத்தைத் தேடி, பருப்பில் இருக்கிற சத்தை எல்லாம் தண்டை நீட்டுவதில் செலவழிக்கும். பச்சையம் உண்டாகாததால் இளமஞ்சளாக, மெழுகு போட்டதுபோல வரும். வெளிச்சம் பட்ட உடனே "மேலே வந்துவிட்டோம்" என்று நீள்வதை நிறுத்தி இலையை விரித்துப் பச்சையாகிவிடும். உங்கள் குட்டைப் பச்சைப் பாரிக்கு அதுதான் காரணம். ஒரே பக்கம் இடுக்கு இருந்தால் முளை எல்லாம் அந்தப் பக்கம் சாயும்; தினமும் பானையைக் கால் சுற்றுத் திருப்பி வைத்தால் நிமிரும். உள்ளே விளக்கு வைக்கிற வழக்கம் இருந்தால் சிறிய நல்லெண்ணெய் விளக்கு போதும், டியூப்லைட் கூடாது. தினமும் பத்துப் பேர் கதவைத் திறந்து செல்போனில் வளர்ச்சியைப் படம் பிடிப்பதை முதலில் நிறுத்துங்கள்.

பழைய கட்டுப்பாடுகளை இந்த இடத்தில் கவனிக்கலாம். விரதம் இருக்கிற வயதான ஒரு அம்மா மட்டும் குளித்துவிட்டு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பார். வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, ஆண்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது என்பார்கள். காரணம் சாமி என்றாலும், பலன் முளைக்குத்தான்: கதவு குறைவாகத் திறக்கும், ஒரே கை அளவறிந்து தண்ணீர் ஊற்றும். நாலு பேர் ஆளுக்கு ஒரு செம்பு ஊற்றினால் அழுகல் நிச்சயம். ஆனால் யார் ஓடு சரியாக வரவில்லையோ அவர் வீட்டில் குற்றம், அந்தப் பெண்ணின் சுத்தத்தில் குற்றம் என்று பேசுகிற வழக்கமும் கூடவே இருந்தது. அது வேண்டவே வேண்டாம். முளைக்காததற்குக் காரணம் வண்டு விதை, ஓட்டை இல்லாத பேசின், சுவரோரத்து எலி. ஓட்டில் பெயர் எழுதாமல் எல்லாவற்றையும் பொதுவாக வளர்த்து, எடுக்கிற அன்று ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பல கிராமங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

தண்ணீர் அளவு: போட்ட அன்று நன்றாக நனைய ஒரு செம்பு. அதற்குப் பிறகு காலை அரைச் செம்பு, சாயங்காலம் கால் செம்பு, வேப்பிலைக் கொத்தில் தோய்த்துத் தெளிப்பதாக இருக்கட்டும். பெருவிரலால் எருவை அழுத்தினால் விரல் ஈரமாக வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. எடுக்கிற அன்று காலையோடு தண்ணீரை நிறுத்திவிட்டால் கனம் குறையும்.

இரண்டாம் மூன்றாம் நாளில் முளை வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தால் பயந்து மஞ்சள் தூளைக் கொட்டாதீர்கள். அது பெரும்பாலும் வேர்முடி. தண்ணீர் தெளித்தால் ஒட்டிப் படிந்து மறைந்துவிடும், வாடையும் இருக்காது. பூஞ்சணம் என்றால் தெளித்த பிறகும் நூலாம்படை மாதிரி விதைக்கு விதை பாலம் போட்டு நிற்கும், புளித்த நாற்றம் அடிக்கும். அந்தத் திட்டை மட்டும் ஒரு கரண்டியால் சுற்றிலும் எருவோடு தோண்டி எடுத்து, காய்ந்த எருத்தூளால் நிரப்பி, ஒரு வேளைத் தண்ணீரை நிறுத்தினால் மற்றது தப்பிக்கும். எறும்புக்குச் செங்கல்லைச் சுற்றிச் சாம்பல் கோடு. எலிக்கு ராத்திரியில் கம்பி வலைக் கூடையைக் கவிழ்த்து மூடுவதைத் தவிர நல்ல வழி இல்லை. எலி மொச்சையைத்தான் தேடித் தின்னும்.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும், ஒரு நாளில் இரண்டு அங்குலம்கூட ஏறும். அரை அடி தாண்டியதும் ஓரம் முழுக்கத் தென்னை ஈர்க்குக் குச்சிகளை நட்டு, இரண்டு மட்டத்தில் நூல் ஓட்டி வேலி கட்டுங்கள். வண்ணக் காகிதம் சுற்றுவது கடைசி நாள்தான், முன்பே சுற்றினால் ஈரத்தில் சாயம் வழியும்.

ராத்திரி கும்மி பற்றி ஒரு வார்த்தை. பாரி வளர்கிற நாள் எல்லாம் சாயங்காலம் பெண்கள் கூடிக் கும்மி அடிப்பார்கள். அந்தப் பாட்டுகளிலேயே ஓடு வாங்கியது, எரு அள்ளியது, முத்துப் போட்டது, தண்ணீர் தெளித்தது, முளை வந்தது எல்லாம் வரிசையாக வரும். பாட்டுத் தெரிந்த பாட்டிகள் உங்கள் தெருவில் இருந்தால் இந்த வருடமே உட்காரவைத்துப் பதிவு செய்துவிடுங்கள். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு வைத்துவிட்டுக் கும்மியும் அடிக்கச் சொன்னால் இரண்டும் நடக்காது.

ஊர்வலத்தைச் சாயங்காலம் ஐந்தரைக்கு முன்னால் தொடங்காதீர்கள். இருட்டில் வளர்ந்த தண்டு தண்ணீர் நிறைந்தது, தோல் மெல்லியது. வெயிலில் அரை மணி நேரம் போதும், தலை தொங்கிவிடும். பழைய சேலையை முறுக்கிச் சும்மாடு செய்யுங்கள், ஆறு அங்குல அகலத்துக்குத் தட்டையாக. ஓட்டைத் தானே தூக்கித் தலையில் வைக்கக் கூடாது, எதிரெதிரே இரண்டு பேர் தூக்கி வைக்க வேண்டும், இறக்கும்போதும் அப்படியே. ஒவ்வொருவருக்கும் மாற்று ஆள் கூடவே நடக்கட்டும். கொட்டு முன்னால், அதற்குப் பின்னால் கரகம், பிறகு அக்கினிச்சட்டி எடுப்பவர்கள், பிறகு இரண்டு வரிசையாக முளைப்பாரி. சட்டிக்கும் பாரிக்கும் இடையே பத்தடியாவது விடுங்கள், அனல் பட்டால் முன்வரிசை முளை கருகும். தார்ச்சாலைச் சூட்டுக்கு வீட்டுக்கு வீடு குடம் தண்ணீர் ஊற்றி வைப்பது நல்ல வழக்கம், வெறுங்காலோடு வருகிறவர்களுக்கு அதுதான் பெரிய உபகாரம். தாழத் தொங்குகிற கேபிள் ஒயர்களை முந்தின நாளே பார்த்துத் தூக்கிக் கட்டிவிடுங்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவதையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

கோயில் முன்னால் நடுவில் இறக்கி வைத்து, சுற்றி வந்து கும்மி, குலவை. பிறகு கரைப்பது: ஊருணி, கண்மாய், வைகை, எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கே. சித்திரையில் அழகர் இறங்குவதற்கு வைகை அணையில் தண்ணீர் திறக்கிற நாளை ஒட்டி உங்கள் தேதி வந்தால் அதிர்ஷ்டம். மற்ற மாதங்களில் கோயில் பக்கத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பிக் கரைக்கலாம், எருவாகவும் போய்ச் சேரும். காகிதம், ஜிகினா, நூல் எல்லாவற்றையும் முதலில் உருவிவிடுங்கள். ஒரு பிடி முளையை வீட்டுக்குக் கொண்டுபோய் நெற்குதிரில் போடுவார்கள். இன்று அரிசிப் பானையில். மிச்சத்தை மாட்டுக்குப் போடலாமே என்று தோன்றும். சோளம் கலந்த குவியலைப் போடாதீர்கள். இளஞ்சோளக் குருத்து மாட்டுக்கு விஷம், சோளம் விதைக்கிற விவசாயி எவரும் சொல்வார்.

மறுநாள் மஞ்சள் நீராட்டு. மாமன் மச்சான் முறைக்காரர்கள் மேல் மட்டும் ஊற்றுவதுதான் வரைமுறை. முறை இல்லாதவர் மேல் ஊற்றினால் சண்டைதான். இருபது லிட்டர் அண்டாவுக்கு 100 கிராம் மஞ்சள் தூள், இரண்டு கொத்து வேப்பிலை. சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி மாதிரி சிவக்கும், ஆனால் கண்ணில் பட்டால் எரியும். பிள்ளைகள் விளையாடுகிற தண்ணீரில் சுண்ணாம்பும் சாயப் பொடியும் வேண்டாம். துணியில் பட்ட மஞ்சளைச் சோப்புப் போட்டால் சிவப்பாகிப் பயமுறுத்தும், அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். இரண்டு நாள் வெயிலில் போட்டால் பெரும்பகுதி வெளுத்துவிடும்.